பதினான்காம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும்

ஜனவரி 3, வெள்ளி

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் லாரி எடைமேடையின் முதலாளி வருடம் தவறாமல் ஒரு டைரி கொடுத்து அனுப்புவார். நானும் வருடம் தவறாமல் அதில் கோலம் போட்டுப் பார்ப்பேன். இந்த வருடம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மனசு ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, கையாவது நிற்கட்டும்.

இன்று பதினொன்றாம் வகுப்பு பி பிரிவில் லிஃப்ட் கணக்கு. ஐம்பது கிலோ ஆள் லிஃப்டில் நிற்கிறார். அது இரண்டு மீட்டர் முடுக்கத்தோடு மேலே கிளம்புகிறது. ஆளின் எடை, அதாவது பூமி அவரை இழுக்கும் விசை, ஐந்நூறு நியூட்டன். தரை அவரைத் தாங்கும் செங்குத்து விசை அறுநூறு. இருபத்தோரு வருடமாகப் போடும் கணக்கு. போர்டை அழிக்கத் துணியை எடுத்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து மாடத்தி எழுந்தாள். இயற்பியலில் முப்பதைத் தாண்டாத பெண். கையில் எங்கள் கையேடு.

"டீச்சர், பதினாலாம் பக்கத்துல எடையும் செங்குத்து விசையும் செயல், எதிர்ச்செயல், எப்பவும் சமம்னு போட்டிருக்கு. பத்தொன்பதாம் பக்கத்துல இது ஐந்நூறு, அது அறுநூறுங்குது. பரிச்சைல எத எழுத?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "தியரி வந்தா பதினாலு, கணக்கு வந்தா பத்தொன்பது" என்றேன்.

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிர்த்து இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அதட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஜனவரி 4, சனி

மாவு ஆட்டினேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

அந்தக் கையேட்டைப் பற்றி எழுதி வைக்கிறேன். எங்கள் வட்டார இயற்பியல் ஆசிரியர் மன்றம் போன ஜூலையில் அச்சடித்தது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள் தேர்ச்சி பெறுவதற்காக, நாற்பது கேள்வியும் பதிலும். 'இயக்க விதிகள்' பாடத்தை எழுதியது நான். பதினோரு பள்ளிக்கூடங்களில் அதைத்தான் வைத்துப் படிக்கிறார்கள். என் பெயர் முன் பக்கத்திலேயே இருக்கிறது: தொகுப்பு, சி. செண்பகவல்லி.

இருபத்தைந்தாம் தேதி மன்றம் ஒரு பயிற்சி நடத்துகிறது. அறுபது ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பாடங்கள். இயக்க விதிகள் எடுக்கப் போகும் கருத்தாளரும் நான்தான். யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை மன்றத் தலைவர் உலகநாதன் சார் இன்று அனுப்பினார். முப்பத்தெட்டாவது பெயர் ஜெபக்கனி. கயத்தாறு பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆசிரியை, சின்ன வயசு. கையேட்டைப் பற்றி அக்டோபரில் மன்றத்துக்கு ஏதோ கடிதம் போட்டவள். அவளுக்கு அடிப்படையில் தெளிவு போதாது என்று யாரோ குறிப்பு எழுத, அதன் பேரில் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான். யாருக்கும் பயிற்சி கெடுதல் செய்யாது.

அலமாரியில் மூன்று தட்டும் ஒழுங்குபடுத்தினேன். நான்காவது தட்டில் பழைய கடிதங்கள். அதைத் தொடவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மேசை மேல் புத்தகம். எடை கீழ்நோக்கி, அது செயல். மேசை தரும் விசை மேல்நோக்கி, அது எதிர்ச்செயல். சமம், எதிரெதிர். நியூட்டனின் மூன்றாம் விதி. எனக்கு என் டீச்சர் சொன்னது, நான் பிள்ளைகளுக்குச் சொல்வது.

மூன்றாம் விதி எப்போதும் செல்லும் என்கிறோம். நின்றாலும் ஓடினாலும், ஏறினாலும் இறங்கினாலும். அப்படியானால் லிஃப்டில் மட்டும் அது லீவு போட்டுவிட்டுப் போகிறதா?

தியரிக்கு ஒரு நோட்டு, கணக்குக்கு ஒரு நோட்டு என்று பிள்ளைகளை வாங்கச் சொல்வோம். என் மண்டைக்குள்ளும் இரண்டு நோட்டுதான் இருந்திருக்கிறது. ஒன்றைத் திறந்து வைத்து இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை.

இன்று இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டேன். நின்ற பஸ்ஸையே.

ஜனவரி 9, வியாழன்

பெரிய புத்தகங்கள் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. கல்லூரியில் வாங்கியவை. எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. வேலை அதிகம். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் நெருக்கத்தில் எடைமேடைக்கு ஞாயிறும் லீவு கிடையாது. மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புவேன். இன்று வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை அறை, வெளியே லாரி ஏறும் பெரிய இரும்புத் தட்டு. நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது கரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வேகமாக ஏறி சடக்கென்று நின்றது. பெட்டியில் சிவப்பு எண்கள் குதித்தன. இருபத்துநாலாயிரத்து முந்நூறு, ஐந்நூற்றுப் பத்து, முந்நூற்றைம்பது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைச்சீட்டு அடிக்கும் பொத்தானைத் தொடவில்லை.

"ஏன் அடிக்கல?" என்றேன்.

"ஆடுதுல்லா. ஸ்பிரிங்கு ஆடி அடங்கட்டும்."

"அப்ப லாரியோட எடை மாறுதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "லாரி எடை எப்படி மாறும்? ஏத்துன சரக்கு ஏத்துனதுதான. தட்டு தாங்குறதுதான் கூடிக் கொறையுது. இந்தப் பொட்டி தட்டு தாங்குறதத்தான் காட்டும். லாரி அடங்குன பொறவு ரெண்டும் ஒண்ணாயிரும், அப்பதான் அது எடை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒங்க பாடத்துல இத என்ன சொல்லுவீங்க டீச்சரம்மா?" என்று சிரித்தார்.

பத்தாம் வகுப்போடு நின்றவர். எடையும் தட்டு தாங்குவதும் வேறு வேறு, அடங்கி நிற்கும்போது மட்டும் சமமாக அமைகின்றன, அவ்வளவுதான் என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்கிறார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று எழுத வேண்டாம். ரசத்தில் உப்பு சரியில்லை என்று அவர் சொன்னதற்கு வள்ளென்று விழுந்தேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிந்ததும் வாசலில் பழையதைப் போட்டுக் கொளுத்தினார்கள். குளித்துவிட்டு வந்தால் அவர் அலமாரியின் நான்காவது தட்டை அப்படியே அள்ளிக்கொண்டு போகிறார். "போன வருசத்துக் காயிதம்தான" என்கிறார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஈரத் தலையோடு தெருவில் நின்று காகிதங்களுக்காகச் சண்டை போடும் பெண்ணை எதிர்வீட்டுக்காரர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெபக்கனியின் கடிதம் ஒரு பக்கம்தான். அக்டோபரில் முதல் இரண்டு வரி படித்தேன். இன்று முழுவதும் படித்தேன். அதில் பாதியை இங்கே எழுதுகிறேன்.

'மதிப்பிற்குரிய தொகுப்பாசிரியருக்கு, பதினான்காம் பக்கத்தில் ஒரு ஐயம். மேசையை எடுத்துவிட்டால் செங்குத்து விசை இருக்காது. ஆனால் புத்தகத்தின் எடை அப்படியே இருக்கும். எதிர்ச்செயல் இல்லாமல் செயல் மட்டும் எப்படி இருக்க முடியும்? பூமி புத்தகத்தை இழுப்பது செயல் என்றால், புத்தகம் பூமியை இழுப்பதுதான் அதன் எதிர்ச்செயல். மேசை புத்தகத்தைத் தாங்குவது ஒரு செயல் என்றால், புத்தகம் மேசையை அழுத்துவது அதன் எதிர்ச்செயல். செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மேல்தான் விழும். அதனால் அவை ஒன்றையொன்று ஈடு செய்யாது. எடையும் செங்குத்து விசையும் ஒரே புத்தகத்தின் மேல் விழுகின்றன, எனவே அவை ஜோடி அல்ல. நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

பிழை இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கியது. நான் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் குரல் கொடுத்தார்.

ஜனவரி 17, வெள்ளி

உலகநாதன் சார் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், ஓய்வு பெற்றும் மன்றத்துக்காக ஓடுகிறவர். பதினான்காம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்து முடித்ததும் முகம் மாறியது. அவரும் முப்பது வருடம் அப்படித்தான் நடத்தியிருக்கிறார்.

"சரி டீச்சர், மார்ச் முடியட்டும். அடுத்த பதிப்புல மாத்திக்கிடுவோம். இப்பப் போயி தப்புன்னா பதினோரு பள்ளிக்கூடத்துலயும் பிள்ளைங்க மெரண்டு போகும். ஒங்க பேரும் கெட்டுப் போகும்."

"கடிதம் போட்ட ஜெபக்கனிக்கு என்ன சொல்ல சார்?"

"அந்தப் பொண்ணா? அவங்க தாளாளர் ரொம்பக் கண்டிப்பு. பன்னெண்டாம் வகுப்ப எடுத்துட்டு ஒம்பதாவது குடுத்துட்டாரு. நீங்க எழுதுன குறிப்ப நான்தான அவருக்கு அனுப்பி வச்சேன்."

காபி கொடுத்தார்கள். குடித்தேன். சர்க்கரை இருந்ததா இல்லையா தெரியவில்லை.

சரி. ஐந்தாம் தேதி 'யாரோ' என்று எழுதியிருக்கிறேன். அந்த யாரோ நான். 'இந்த ஆசிரியைக்கு மூன்றாம் விதியிலேயே தெளிவு இல்லை. மேல்நிலை வகுப்பு எடுக்கும் முன் பயிற்சி அவசியம்.' பச்சை மையில் எழுதி, கையெழுத்துக்குக் கீழே கோடும் போட்டேன். இரண்டு வரி மட்டும் படித்துவிட்டு.

ஜனவரி 18, சனி

துவைத்த துணியை மறுபடியும் துவைத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

மாடத்தியின் தேர்வுத்தாள் திருத்தினேன். மூன்றாம் விதிக் கேள்விக்குப் பதினான்காம் பக்கம், லிஃப்ட் கணக்குக்குப் பத்தொன்பதாம் பக்கம். எழுத்து மாறாமல். நான் சொன்னபடி. விடைக்குறிப்பின்படி இரண்டுக்கும் முழு மதிப்பெண். போட்டேன். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக இயற்பியலில் நாற்பத்தாறு. தாளை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

பதினேழு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஓரிடத்தில் உட்காரவில்லை. அதுவே ஒரு தண்டனை, அனுபவித்தாகிவிட்டது, கணக்கு நேராகிவிட்டது என்று காலையில் பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு கடிதத்தின் வரி ஞாபகம் வந்தது. இரண்டு வெவ்வேறு பொருள்கள் மேல் விழுவது ஒன்றையொன்று ஈடு செய்யாது. என் தவிப்பு என் மேல் விழுவது. அவள் மேல் விழுந்தது ஒன்பதாம் வகுப்பு. நான் இன்னும் பத்து வருடம் பட்டினி கிடந்தாலும் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு திரும்ப வராது.

ஜனவரி 22, புதன்

உலகநாதன் சாருக்கு போன் செய்தேன். கயத்தாறு பக்கமிருந்து ஜெபக்கனி அவ்வளவு தூரம் வர வேண்டுமா, கஷ்டமாக இருந்தால் வராமலே வருகைப் பதிவு போட்டுவிடலாமே என்றேன். அவளுடைய சிரமத்தை நினைத்துத்தான் கேட்டேன்.

சாயங்காலம் திரும்ப அழைத்தார். "கேட்டுட்டேன் டீச்சர். கண்டிப்பா வாரேன்னு சொல்லுது."

ஜனவரி 24, வெள்ளி

நாளைக்கு உடுத்த அரக்குப் புடவையை இஸ்திரி போட்டேன். பிறகு நீலத்தைப் போட்டேன். நடுவில் அவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"தப்பான எடைச்சீட்டு அடிச்சுக் குடுத்து லாரி போயிருச்சுன்னா என்ன செய்வீங்க?"

"போன் போட்டுத் திருப்பிக் கூப்புடுவோம்."

"சீட்டுல எண்ண மட்டும் திருத்தி அனுப்பினா?"

"செல்லாது. கையால திருத்துன சீட்ட எவன் ஏத்துக்கிடுவான்? அதே லாரி, அதே தட்டுல ஏறணும். ஆளுக பாக்க மறுபடி போடணும்." இஸ்திரிப் பெட்டியின் வயரை எடுத்துச் சுற்றி வைத்தார். "கூப்புடுறதுக்கு வெக்கமாத்தான் இருக்கும். ஏச்சும் கெடைக்கும். எனக்கு ரெண்டு தடவ ஆயிருக்கு."

எனக்கு அவர் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

ஜனவரி 25, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்யாண மண்டபத்து மாடியில் பயிற்சி. அறுபது பேரில் ஐம்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஜெபக்கனியை எனக்கு முகம் தெரியாது. பெயர் வாசிக்கும்போது நான்காவது வரிசையில் ஜன்னலோரம் கை உயர்ந்தது. மெலிந்த பெண், முப்பது இருக்கும். மடியில் கையேடு. பக்கத்தில் இருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததையும் கவனித்தேன். விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

போர்டில் மேசை வரைந்தேன், மேலே புத்தகம். கீழே ஒரு அம்பு, மேலே ஒரு அம்பு. கை தானாகச் 'செயல்' என்று எழுதத் தொடங்கிவிட்டது. இருபத்தோரு வருடப் பழக்கம், தள்ளிவிட்ட வண்டி போலத் தன் பாட்டுக்கு ஓடும். 'செய' என்று எழுதிவிட்டு நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். முதல் வரிசையில் உலகநாதன் சார் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

அழித்தேன்.

"பதினாலாம் பக்கம் தப்பு" என்றேன். "எழுதுனது நான். எடையும் செங்குத்து விசையும் மூன்றாம் விதி ஜோடி கிடையாது. அக்டோபர்லயே ஒருத்தங்க கடிதம் எழுதிச் சரியாச் சொல்லிட்டாங்க. நான் ரெண்டு வரி படிச்சுட்டு, அவங்களுக்கு அடிப்படை தெரியலைன்னு குறிப்பு எழுதினேன். அவங்க பேரு ஜெபக்கனி. அவங்களுக்கு இந்தப் பயிற்சி வேண்டியதில்ல. எனக்குத்தான் வேணும்."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "அப்ப நாம இத்தன வருசம் நடத்துனது?" என்று கேட்டார். கடிதத்தை எடுத்து முழுவதும் வாசித்தேன். பிறகு லிஃப்ட் கணக்கைப் போட்டேன். லாரி எடைமேடையைப் பற்றியும் சொன்னேன். அரை மணி நேரம் ஒரே கூச்சல், வாதம். இரண்டு பேர் என்னோடு சண்டையே போட்டார்கள். ஜெபக்கனி எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் நானே அவள் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"குறிப்ப எழுத்துலதான் குடுத்தீங்க டீச்சர்" என்றாள். "இதையும் எழுத்துல குடுங்க. எங்க தாளாளர் கையில."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். மாடத்தியைக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு. பதினாலாம் பக்கத்த அடிச்சிரு. பத்தொன்பதுதான் சரி" என்றேன். "அப்ப என் நாப்பத்தாறு?" என்று கேட்டாள். அது உன்னுடையதுதான், தப்பு என்னுடையது என்றேன். நம்பாமல் போனாள்.

மத்தியானம் கடிதம் எழுதினேன். நான்கு தடவை கிழித்து ஐந்தாவது தடவை. பச்சை மையில்.

ஜனவரி 27, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கயத்தாறு பஸ் ஏறினேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அதே தட்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

தாளாளர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்றார். தலைகுனிந்து நின்றேன். பரீட்சை முடியும்வரை வகுப்பை மாற்ற முடியாது, ஜூனில் பார்க்கலாம் என்றார். ஜூனில் பார்ப்பதாக ஒரு வரி எழுதித் தரக் கேட்டேன். முறைத்தார். பிறகு என் கடிதத்தின் நகலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை ஜெபக்கனியின் கையில் கொடுத்தேன். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். நல்ல வெயில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிதத்தல் விதி நடத்துவதாகச் சொன்னாள். வாளியும் தக்காளியும் கொண்டுபோனாளாம். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. நான் வரும்போது வாங்கிய பிஸ்கட் பொட்டலம் என் பையிலேயே இருந்தது, கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நான் வராம இருந்திருந்தா, சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்" என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல்.

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையாட்டவில்லை, ஆனால் பஸ் கிளம்பும் வரை நின்றாள்.

புதன்கிழமை நான் போன் செய்தது அவளுக்குத் தெரியும். உலகநாதன் சார் என் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருப்பார். தெரிந்துகொண்டேதான் வந்து நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் இன்றைக்கும் கேட்டாள்.

நாளை இந்த டைரியை எடுத்துக்கொண்டு மறுபடி கயத்தாறு பஸ் ஏறுவேனா, தெரியவில்லை. இங்கே மட்டுமாவது எழுதி வைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.